நங்கூரத் தெருவுக்கு நான் கொடுத்த வீடுகள்

ஏப்ரல் 3, வெள்ளி

டைரியில் இன்றைக்குச் செவ்வாய் என்று அச்சாகியிருக்கிறது. டைரி பழசு. டன்ஸ்டன் கப்பல் கம்பெனி டைரி, தோல் அட்டை போட்டது. தோல் மாதிரி அட்டை. கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

இன்று முதல் நான் ஆராய்ச்சியில் இருக்கிறேன். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். ஏகாம்பரம் என்று பெயர், கீழே சின்ன எழுத்தில் ‘தெரு உதவியாளர்’. உதவியாளரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நடந்தால் தெருவுக்கே நான்தான் என்பது போல ஒரு தோற்றம் வருகிறது. அப்படியே நடந்தேன்.

விஷயம் இதுதான். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் நங்கூரத் தெருவில் நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. முன்னே ஒரு காலத்தில் இவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் வீடு கொடுத்தார்களாம். வீடு அங்கே, பிழைப்பு இங்கே. பாதிப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது பிழைப்புக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துக் கொடுத்து, வாடகையையும் ஒரு வருஷம் கட்டினால் என்ன ஆகிறது என்று பார்க்கப்போகிறார்கள். பலித்தால் ஊர் முழுக்கத் திட்டமாகவே வருமாம்.

இதைச் சொன்னது ஷெரின் மேடம். நாகர்கோவில் பக்கம், என் தங்கை மகள் வயசு. தெருவைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. “தெருவா? இந்தத் துறைமுகத்துல கப்பல் உள்ள வர்றதே என்னைக் கேட்டுத்தான்” என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டது. எழுதிக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

பின்னால் இதைப் படிக்கப்போகிறவர்களுக்காக என்னைப் பற்றி. ஏழாவது வரை படிப்பு. டன்ஸ்டன் கட்டடத்தில் லிப்ட் ஆபரேட்டர். பெரிய மனிதர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டவன் நான்தான், நன்றி சொன்னவன் குறைவு. கம்பெனி மூடிய பிறகு கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுத்துமூலம் யாரும் கொடுக்கவில்லை, ஆனாலும் விழுந்தது. உள்ளே ஏகப்பட்ட அறைகள். எல்லாம் புழுக்கம். அதனால் காற்றுக்காக வாசல் மண்டபத்தில் படுக்கிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எதிர்ச்சாரியில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பவள் கன்னியம்மா. சாக்கு தைக்கிறவள். கிழிந்த கோணியைக் கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கிவிடுவாள். தெருவில் எல்லாரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், இவள் கூப்பிடும்போது மட்டும் அதில் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

இவளுக்கு ஒரே பெண், புவனா. தெருவில் வைத்து வளர்க்கக் கூடாது என்று பால்பல் விழும்போதே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாள். இப்போது அந்தப் பெண் நர்ஸ் படிப்பையே முடித்துவிட்டது. படிப்பு முடிந்தால் ஹாஸ்டலும் முடிந்தது. இந்த மாதக் கடைசியில் பெட்டியோடு வெளியே வரவேண்டும். எங்கே வருவது?

“இங்கதான் வரணும்” என்று தார்ப்பாயைக் காட்டினாள் கன்னியம்மா. “பத்து வயசுல வந்திருந்தாக்கூட மடியில போட்டுக்குவேன். இப்ப எங்க மாமா போடுவேன்?”

“அட, கவலைய உடு. ஆராய்ச்சியே என் கையில இருக்குது. முதல் சாவி உனக்குத்தான்.”

“பீலா உடாத மாமா.”

“அட்டையப் பார்த்தியா?”

பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என் கட்டைவிரலை நகர்த்திவிட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கணக்கெடுப்பு. விடிகிற நேரம்தான் சரி என்று நான்தான் யோசனை சொன்னேன். (ஷெரின் மேடமும் அதே நேரத்தைத்தான் வைத்திருந்தது.) கடலிலிருந்து வெண்புகை மாதிரி மூடுபனி வந்து தெருவில் படுத்திருந்தது. பாய்களை உதறுகிறவர்கள், தலை சீவுகிறவர்கள், அடுப்பு பற்றவைக்கிறவர்கள் எல்லாரும் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள். தண்ணீருக்குள் ஒரு ஊர் எழுந்திருப்பது போல இருந்தது.

ஷெரின் மேடம் கேட்க, நான் பக்கத்தில் நின்று விளக்க. முதல் கேள்வியே, சொந்தமாகவோ வாடகைக்கோ எங்காவது வீடு இருக்கிறதா?

கன்னியம்மா வாயைத் திறந்தாள். “எங்களுக்கு ஏதும்மா...”

நான் விடவில்லை. “பொன்னேரியில ஓட்டு வீடு மேடம். முன்னால மாமரம்.”

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

“வீட்டுக்காரர்?”

“கப்பல்ல. சிங்கப்பூர் லைன்.”

மேடம் குனிந்து எழுதியது. எழுதியதும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். லிப்டில் நின்றவனுக்குத்தான் தெரியும் எந்த மனிதனுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று. செருப்பில்லாமல் வந்தவனைப் படியில் போகச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. ஷூ போட்டவன் தப்பான கட்டடத்துக்கு வந்திருந்தாலும் நாற்காலி போடுவார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள், எடுத்த எடுப்பில் “இப்ப எங்க இருக்கீங்க?” என்பார்கள். தெருவில் என்றால் எவன் சாவி தருவான்? வீடு இருக்கிறவனுக்குத்தான் வீடு. நான் பார்த்த உலகம் இது. அதனால் எங்கள் தெருவில் ஒருவரையும் நான் வெறுங்கையோடு விடவில்லை. தள்ளுவண்டி தஸ்தகீருக்கு ஆற்காட்டில் மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். மூலையில் இருக்கிற வயசான தம்பதிக்குக் கிணற்றோடு தோட்டம். புகை விலகி வெயில் வந்தபோது நங்கூரத் தெரு பளபளவென்று இருந்தது.

மேடம் போன பிறகு கன்னியம்மா வந்தாள். “இன்னா மாமா, அந்தாளு ஓடிப்போனது கப்பல்லயா?”

“எதுல போனா இன்னா? கௌரவமா இருக்கட்டுமே.”

“மாமரம் வேற வெச்சிட்ட.”

“காய்க்கிற மரம்.”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பெரிய இடத்துப் பழக்கவழக்கம் எனக்குத் தெரியும் என்று நம்புகிறாள். நம்பாமல் என்ன?

ஏப்ரல் 8, புதன்

மத்தியானம் கண்ணசந்தபோது ஒரு கனவு. டன்ஸ்டன் லிப்ட் ஓடுகிறது. நான் இரும்புக் கதவை இழுக்கிறேன். தெருவே ஏறுகிறது, சட்டி பானை, அடுப்பு, தார்ப்பாய், தஸ்தகீரின் தள்ளுவண்டி, எல்லாமே இடம் பிடித்துக்கொள்கிறது. “எந்த மாடி?” என்று கேட்கிறேன். யாரும் சொல்லவில்லை. லிப்ட் தானாகவே போகிறது. மாடிகள் வருகின்றன, ஒவ்வொரு மாடியிலும் விளக்கு எரிகிற ஜன்னல்கள், ஆள் இல்லாத சமையலறைகள், பால் பொங்கப்போகிற அடுப்புகள். எங்கும் நிற்கவில்லை. நிறுத்துகிற கைப்பிடி என் கையில்தான் இருக்கிறது. ஆனால் கை பஞ்சு மாதிரி இருந்தது.

எழுந்தபோது கடல்காற்று திரும்பியிருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. சட்டையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்ததில் நல்ல மடிப்பு விழுந்திருக்கிறது. லாண்டரியில் கொடுத்தது என்று டீக்கடையில் சொன்னேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

புவனா வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வரும், வெளிச்சம் குறைவதற்குள் அம்மாவே பஸ் ஏற்றிவிடுவாள். கவிழ்த்த பக்கெட் மேல் உட்கார்ந்து மீன்குழம்பு சோறு சாப்பிட்டது. என் நாடியைப் பிடித்துப் பார்த்து, “மாமா, உங்க நாடி உங்க பேச்சைவிட மெதுவா இருக்குது” என்றது. நல்ல பெண்.

ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டதாம். மே முதல் தேதியிலிருந்து ராத்திரி டூட்டி.

“அப்ப நைட்டு பயமில்ல” என்றேன். “ஆஸ்பத்திரியிலேயே போயிடுது.”

“பகல்ல தூங்கணுமே மாமா” என்றது.

அதுதான் இடி. எங்கள் தெருவில் ராத்திரிதான் நடைபாதை நம்முடையது. காலையில் கடை ஷட்டர் ஏறியதும் பாயைச் சுருட்டிவிட வேண்டும், அதன் பிறகு அது சாக்குக் கடையின் வாசல், இரும்புக் கடையின் வாசல். பகலில் படுக்க ஒரு முழ இடம் கிடையாது. தூக்கமில்லாமல் ஊசி போடுகிற வேலையை எத்தனை நாள் செய்ய முடியும்?

“ஒரு தப்பு மருந்து குடுத்துட்டா என் படிப்பே போச்சு மாமா” என்று மெதுவாகச் சொன்னது, அம்மாவுக்குக் கேட்காமல்.

“கடலைப் பார்த்த ஜன்னலோட ரூம் சொல்லி வெச்சிருக்கேன்” என்றேன்.

“ஜன்னலே வேணாம். இருட்டா இருந்தாப் போதும்.”

ஏப்ரல் 16, வியாழன்

பெரிய கூட்டம். மின்விசிறி, கண்ணாடித் தட்டில் பிஸ்கட், சுவரில் படம் காட்டுகிற எந்திரம். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பக்கம், திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகள் ஒரு பக்கம். தலைமை அதிகாரி அறிவுடைநம்பி சார் நடுவில். என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தால்தான் எல்லாரையும் மேற்பார்வை பார்க்க முடியும்.

ஒவ்வொரு தெருவாகச் சுவரில் வந்தது. எங்கள் தெரு வந்தபோது கோடு மற்றத் தெருக்களைவிட எகிறி நின்றது. சொந்த ஊரில் வீடு உள்ளவர்கள் அதிகமாக இருப்பது நங்கூரத் தெருவில்தான் என்றார்கள். நான் எழுந்து கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன்.

ஷெரின் மேடம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை சரியில்லை.

அறிவுடைநம்பி சார் மைக்கை இழுத்தார். “அப்ப இவங்க வீடற்றவங்களே இல்லையே. ஊர்ல வீட்டை வெச்சுக்கிட்டு இங்க வியாபாரத்துக்கு வந்து தங்கறவங்க. உண்மையிலேயே இல்லாதவன் எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்கான். இந்தத் தெருவை எடுத்துடுங்க.”

“சார், நேர்ல பார்த்தா அப்படித் தெரியல” என்றது மேடம். “எங்க கேள்வியில ஏதோ தப்பு இருக்கலாம்.”

“பார்த்தா தெரியறதை எப்படிம்மா அரசாணையில எழுதுறது? அவங்க சொன்னதைத்தானே எழுத முடியும்?”

நியாயமான மனுஷன். நியாயமாகத்தான் பேசினார். நான் உட்கார்ந்துவிட்டேன். பிஸ்கட் வாயில் இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

அட்டையை மாட்டவில்லை. கயிறு கழுத்தை அறுக்கிறது.

ஏப்ரல் 18, சனி

அறை கிடைக்கிறவர்களின் பட்டியலை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெருப் பெயர்கள் இருக்கின்றன. எங்கள் தெரு இல்லை. தஸ்தகீர் இரண்டு தடவை படிக்கச் சொன்னான். இரண்டாம் தடவை மெதுவாகப் படித்தேன், மெதுவாகப் படித்தால் வந்துவிடும் என்பது போல.

“ஆற்காடு வீட்டு வாடகையாச்சும் வாங்கிக் குடு மாமா” என்று சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவன் சிரிக்காமல் திட்டியிருக்கலாம்.

கன்னியம்மா சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசி போய்ப் போய் வந்தது. நான் போய் நின்றேன். நிமிரவில்லை.

“கன்னியம்மா, இதுல ஒரு சின்ன சிக்கல். மேலிடத்துல...”

“பொன்னேரில எனக்கு ஒரு வீடு குடுத்தியே மாமா” என்றாள். “சாவி எங்க?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சாக்கை எடுத்தாள்.

ஏப்ரல் 20, திங்கள்

ஷெரின் மேடத்தைப் பார்க்க அவர்கள் ஆபீசுக்கே போனேன். மாடி. லிப்ட் இருந்தது, படியில் ஏறினேன். உடம்புக்கு நல்லது.

பொன்னேரி வீடு புயலில் போய்விட்டது என்றேன். மேடம் பேனாவை எடுக்கவில்லை. புயலில் பாதிதான் போனது, மீதியைக் கொழுந்தன்காரன் எழுதி வாங்கிக்கொண்டான் என்றேன். அப்போதும் எடுக்கவில்லை. மாமரத்தையும் வெட்டிவிட்டார்கள் என்றேன்.

“மாமா” என்றது. அதுவரை ஐயா என்றுதான் கூப்பிடும். “அப்படி ஒரு வீடு இருந்துச்சா?”

அங்கே கொடுத்த டீ ரொம்பச் சூடாக இருந்தது. குடித்து முடிக்க நேரமானது.

“அந்தப் பிள்ளைக்கு மே ஒண்ணாம் தேதி வேலை தொடங்குது” என்றேன். “பகல்ல தூங்கணும்.”

மேடம் ஒரு பைலை எடுத்துப் பிரித்தது. பிறகு சொன்னது: மறுவிசாரணை கேட்டு எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அறிவுடைநம்பி சாரே தெருவுக்கு வருகிறார். ஆனால் பட்டியலைப் பார்த்த பிறகு எல்லாரும் வீடில்லை என்றுதான் சொல்வார்கள், அதை எப்படி நம்புவது என்று கேட்கிறாராம்.

“உங்களைத்தான் கேப்பாரு மாமா. ‘அந்த ஏகாம்பரம் வீடு வாசல் உள்ள ஆளு, அவருக்குப் பொய் சொல்ல என்ன அவசியம்’னு சொல்லுதாரு. உங்க விலாசம் அப்படில்லா இருக்கு.”

என் விலாசம்: டன்ஸ்டன் மாளிகை, முதல் மாடி. நான்தான் சொல்லி எழுதவைத்தேன். மாளிகை என்ற வார்த்தைக்கு மட்டும் மேடம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

வெயில் தெருவை உருக்குகிறது. மத்தியானத்தில் தெருக்கோடியைப் பார்த்தால் தண்ணீர் நிற்பது போல ஒரு மினுக்கம். அதில் கப்பலின் மேல்பாகம் ஒன்று மிதக்கிறது, வெள்ளையாக, அடுக்கடுக்காக, எல்லா அடுக்கிலும் வட்ட ஜன்னல். அத்தனை அறை. கடலிலேயே அத்தனை அறை கட்டுகிறார்கள்.

கன்னியம்மா என்னோடு பேசுவதில்லை. ஆனால் காலை டீ மட்டும் வழக்கம்போல மூடிபோட்டு வந்துவிடுகிறது. குடிக்காமல் இருந்துபார்த்தேன். ஆடை படிந்தது. பிறகு குடித்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

அறிவுடைநம்பி சார் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூட ஷெரின் மேடம், ஆபீஸ் ஆட்கள். தெருவில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் அந்த மடிப்புச் சட்டையில் இருந்தேன்.

கன்னியம்மாவைக் கேட்டார். “இல்லீங்க” என்றாள். “எங்கியும் எதுவும் இல்லீங்க.”

“முதல்ல இருக்குன்னு எழுதியிருக்கே?”

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். “ஏகாம்பரம் சார், நீங்க சொல்லுங்க. நீங்க வீட்டுக்காரர், நாளைக்கு உங்களுக்கு இதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இவங்க இன்னிக்குச் சொல்றது பொய்யா?”

என்னை சார் என்றார். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சில் எனக்குத் தட்டுப்பாடே வந்தது கிடையாது, ஆளுநரோடு பேசியவன் நான். (ஆளுநர் ஒருமுறை லிப்டில் ஏறினார். பேசினது நான் மட்டும்தான்.) ஆனால் அப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

“வாங்க சார், வீட்டுல உக்காந்து பேசலாம்.”

தெருவைத் தாண்டி அழைத்துக்கொண்டு போனேன். டன்ஸ்டன் கட்டட மண்டபத்துப் படிகள். மேலே பெரிய கதவு, அதில் துருப்பிடித்த பூட்டு, பூட்டின் மேல் சிலந்தி வலை. சுருட்டிய பாயைத் தட்டிப் போட்டு, “உக்காருங்க” என்றேன்.

அவர் நின்றார். நான் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். விருந்தாளி வந்தால் காட்டுவதுதானே முறை. “இது ஹால் சார். தோ, அந்தத் தூணுக்கு அந்தாண்ட படுக்கையறை, மழைச்சாரல் அதுவரைக்கும் வராது. இந்த மாடத்துல என் சாமான். இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா ஹார்பர் விளக்கு தெரியும், அதைப் பார்த்துக்கிட்டே தூங்கிடலாம்.”

“முதல் மாடின்னு எழுதியிருக்கே?”

“மேல பூட்டு சார். கம்பெனி மூடினன்னிக்குப் பூட்டினது. சாவி யார்கிட்ட இருக்குதுன்னு தெரியாது.”

“அப்ப விலாசம்?”

“லெட்டர் வந்தா இங்கதான் போடுவாங்க.”

“வருமா?”

“வந்ததில்ல.”

பின்னால் யாரோ செருமினார்கள். தஸ்தகீராக இருக்கலாம். இத்தனை வருஷம் எதிரே இருந்தும் யாரும் என்னிடம் மாடியைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அன்னிக்கு அவங்களுக்கு வீடு சொன்னதும் நான்தான் சார்” என்றேன். அறிவுடைநம்பி சாருக்குக் குரல் இறங்கிவிட்டது. “பின்ன எதுக்குய்யா எல்லாருக்கும் வீடு இருக்குன்னு சொன்னீங்க?”

“எனக்கே இருக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கேன். அவங்களுக்கு மட்டும் இல்லன்னு எப்படி சார் சொல்றது?”

அவர் அப்புறம்தான் பாயில் உட்கார்ந்தார். பேன்ட் கசங்குகிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. கன்னியம்மா டீ கொண்டுவந்தாள், அவருக்கும் எனக்கும். கடல்காற்று வந்தது. நேரம் மண்டபத்துக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. நல்ல காற்று என்றார் சார். காற்றுக்காகத்தான் இங்கே படுக்கிறேன் என்று நான் சொல்லிவருவதை அவரும் ஒப்புக்கொண்டார்.

போகும்போது, “இந்தத் தெருவை மறுபடி எடுங்க. தனித்தனியா. பக்கத்துல யாரும் இல்லாம” என்று மேடத்திடம் சொன்னார்.

அட்டையை நானே கழற்றிக் கொடுத்தேன். பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான்.

ஏப்ரல் 27, திங்கள்

மறுபடி எடுத்தார்கள். இப்போது கேள்வியே வேறு. வீடு இருக்கிறதா என்று கேட்கவில்லையாம். நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், மழை வந்தால் சாமானை எங்கே வைப்பீர்கள், காய்ச்சல் வந்தால் பகலில் எங்கே படுப்பீர்கள் என்று கேட்கிறார்களாம். என்னை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தேன், டீக்கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

சாயங்காலம் மேடம் வந்தது. கன்னியம்மா பெயர் ஏறிவிட்டது. தஸ்தகீர் குடும்பமும். ஒற்றை ஆட்கள் இந்தக் கட்டத்தில் கிடையாது. அடுத்த கட்டத்தில் பார்க்கலாம், என் பெயரை முதலில் எழுதி வைத்திருக்கிறேன் என்றது.

“எனக்கு எதுக்கு? ஹார்பர் விளக்கு இல்லாம தூக்கம் வராது” என்று நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

“இருந்தாலும் எழுதியிருக்கேன் மாமா.”

சரி, எழுதினால் எழுதட்டும். எழுதுகிற பெண்.

ஏப்ரல் 30, வியாழன்

சாக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒடுக்கமான கட்டடம், அதில் அறை. கன்னியம்மா நீலத் தார்ப்பாயை மடித்தாள். மடித்துவிட்டு அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

புவனாவின் பெட்டியை நான்தான் மாடிக்குத் தூக்கினேன். தஸ்தகீரும் ஒரு பக்கம் பிடித்தான். அறையில் ஜன்னல் ஒன்று இருக்கிறது, அடுத்த சுவரைப் பார்த்தபடி. வெளிச்சமே வராது. புவனாவுக்கு அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னா மாமா, கடலைக் காணோம்?” என்றாள் கன்னியம்மா. எட்டு நாள் கழித்து, இல்லை, அதற்கும் மேலே, என்னோடு பேசிய முதல் பேச்சு.

“சுவருக்கு அந்தாண்ட இருக்குது.”

“இருக்கும் இருக்கும்” என்றாள். பால் காய்ச்சினாள். முதல் டம்ளர் எனக்கு.

மே 2, சனி

நேற்று ராத்திரி புவனாவுக்கு முதல் டூட்டி. காலையில் நான் அந்தப் பக்கமாக ஒரு முக்கிய வேலையாகப் போனேன். (வேலை எதுவும் இல்லை.) அந்தப் பெண் வெள்ளை உடுப்போடு படியேறி வந்தது. கண் சிவந்து, கால் பின்னிக்கொண்டு, எங்கேயோ மிதக்கிற மாதிரி. கன்னியம்மா சாக்குக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா கண்ணு?” என்றேன்.

“தூங்கிட்டு மாமா” என்று சொல்லி உள்ளே போனது. கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

கன்னியம்மா படியில் அப்படியே நின்றுவிட்டாள். கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. திறக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் படியிலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கீழே மார்க்கெட்டில் லாரிச் சத்தம், மூட்டைச் சத்தம், ஏலம் விடுகிற குரல்கள், எல்லாம் தூரத்துக் கடல் மாதிரி வந்து படிக்கட்டில் மோதிவிட்டுத் திரும்பிப் போயின. எனக்கும் கண் சொருகியது. தண்ணீர் கேன் போடுகிறவன் தடதடவென்று ஏறி வந்தான். உதட்டில் விரலை வைத்தேன்.

“ஏன், யாரு வீடு?” என்றான் மெதுவாக.

“கன்னியம்மா வீடு. பொண்ணு தூங்குது.”

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சேர்க்கத் தோன்றவில்லை. அவன் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனான்.

வெயில் சாய்கிற வரைக்கும் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு சாதாரணத் தகரக் கதவுதான், கீழே கொஞ்சம் துரு. நாளைக்குத் தெருவில் கேட்பார்கள். தேக்கு என்று சொல்லப்போகிறேன்.